ஏட்டையா மோந்த வாய்கள்

கோபால், அவன் தம்பி சேகர், சைக்கிள் கடை ராஜு, வண்டிக்காரர் மகன் மணி, நான். மதுவிலக்குக் காலம். அடி அண்ணாமலைப் புளியந்தோப்பில் சாராயத்தோடு பிடித்து, போலீஸ் ஸ்டேஷனில் ஜன்னல் இல்லாத அறையில் எங்களை நிறுத்தினார்கள். எனக்குப் பதினாறு வயது. கேஸ் எழுதினால் கடலை ஆலையில் என் வேலை போய்விடும்.

ஏட்டையா நெட்டையானவர், மூக்கும் நீளம். ஒவ்வொருவனையும் ஊதச் சொல்லி மோந்தார். அடுத்தவனிடம் போகுமுன் சட்டைப் பையிலிருந்த விபூதிப் பொட்டலத்தை ஒரு முறை மோந்துகொண்டார்.

"யாருடா ஊத்திக் குடுத்தது?"

"மணிதாங்க. குடிக்காதவனுக்குப் பாவாடை வாங்கித் தரேன்னு கிண்டல் பண்ணான்" என்றான் கோபால்.

"கையக் கட்டிப் போட்டா ஊத்துனான்?"



"இல்லீங்க. நானாதான் குடிச்சேன்" என்றேன்.

ஏட்டையா மணியை மறுபடி ஊதச் சொன்னார்.

"இவன் வாயில நாத்தமே இல்ல. நீ போடா."

"ஊத்துனவன விடுறீங்களே?" என்றான் கோபால்.

"நாறுற வாயத்தான் எனக்குப் பிடிக்கத் தெரியும்."

மணி வெளியே போனதும் கதவைச் சாத்திவிட்டுக் கேஸ் எழுத உட்கார்ந்தார். என் வேலை போனது. நாறுற வாய் என்று சொல்லி அவர் மணியைத் திட்டினாரா, எங்களையா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

ஊதியது ஐந்து பேர். நாறியது நான்கு வாய்.