யோகராசாவின் 'நாங்கள்'

கடைசி மீன்பெட்டி வெளியேறிய பிறகும் யோகராசா தரையைக் கழுவிக்கொண்டுதான் நின்றார். அது ஒரு பெப்ரவரி வெள்ளிக்கிழமை. இருபத்தாறு வருடம் அவர் வேலை செய்த வட நொர்வேயின் ஹம்மர்பெஸ்ட் மீன் தொழிற்சாலையை அன்றோடு மூடினார்கள். மாலை விமானத்தில் அவர் ஒஸ்லோவுக்குப் புறப்பட வேண்டும்.

"பூட்டுற கொம்பனிக்கு ஏன் காணும் கழுவுறீர்?" என்றார் கூட வேலை செய்த சிறீஸ்கந்தராசா.

"நாங்கள் ஒருநாளும் கழுவாமல் விட்டதில்லையே."

குழாயைப் பிடித்து நின்றது அவர் ஒருவர்தான். அவருடைய பேச்சில் 'நான்' அரிது. தானே சமைத்தாலும் "கறி வைச்சனாங்கள்" என்பார். காய்ச்சலில் படுத்தால் "எங்களுக்கு ஏலாமல் கிடக்கு."

ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் மகள் யதுர்ஷாவின் வீட்டுச் சோபாதான் ஐந்து மாதமாக அவர் படுக்கை. ஐம்பத்தாறு வயதுக்காரரின் விண்ணப்பங்களுக்கு ஒரே ஓர் இடம் செவிகொடுத்தது. மீன் பொதிசெய்யும் கம்பனியில் மேற்பார்வையாளர் வேலை. கிடைத்தால் தனக்கென்று ஓர் அறை எடுக்கலாம்.

யதுர்ஷா நேர்முகத்துக்குப் பழக்கினாள். "அப்பா, 'யெய்', நான் எண்டு தொடங்குங்கோ. இவையளுக்கு நான், நான் எண்டுதான் சொல்லோணும்."

"நான் நான் எண்டு நெஞ்சிலடிக்க நானென்ன சூரபத்மனோ, பிள்ளை?"

நேர்முகத்தில் எதிரே இருந்த இளம்பெண் கனிவாகத்தான் கேட்டாள். மீன் குவிந்து கிடக்கும் காலத்தில் இயந்திரம் நின்றுபோனால் என்ன செய்வீர்கள்?

"ஒருமுறை நின்றது. நாங்கள் திருத்தினோம்."

"சரி. அதில் நீங்கள் செய்தது?"

பதினான்கு மணித்தியாலம் பனித்தண்ணீரில் முழந்தாளிட்டு அதைத் திருத்தியவர் அவர். ஆனால் பக்கத்தில் விளக்குப் பிடித்தவனை விட்டுவிட்டு எப்படிச் சொல்வது?

"எல்லோருமாகத்தான்," என்றார். அவள் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டாள்.

"எப்பிடி அப்பா?" என்று வீட்டு வாசலிலேயே மறித்தாள் யதுர்ஷா.

"நல்ல பிள்ளை. கோப்பியும் தந்தவ."

நான்கு மாதம் கழித்து, மகளோடு அம்மருட் ரயில் நிலையத்தில் நின்றபோது கைபேசியில் கம்பனியின் பதில் வந்தது. மற்றவர்களோடு சேர்ந்து வேலை செய்வதில் கெட்டிக்காரர், தனியாகப் பொறுப்பெடுத்த அனுபவம் தெரியவில்லை, வேறொருவரைத் தேர்ந்துவிட்டோம்.

இரண்டு தரம் வாசித்தார். வந்த ரயில் போய்விட்டது. கையுறையைக் கழற்றி, ஒற்றை விரலால், 'பதிலுக்கு நன்றி' என்று நொர்வேஜிய மொழியில் எழுதத் தொடங்கினார்.

"அப்பா, அது மெஷின் அனுப்பினது. நீங்கள் எழுதுறதை ஒருத்தரும் வாசிக்க மாட்டினம்."

"ஆரோ ஒராள் மினக்கெட்டு எழுதியிருப்பார், பிள்ளை."

திரையில் விழுந்த பனியைப் பெருவிரலால் துடைத்துவிட்டு, அனுப்பினார்.