குன்சோவின் பாட்காஸ்ட்டுக்குப் பெயர் கிடைத்த கதை

குன்சோ இருட்டுக்குப் பயப்படுவான். ஐம்பத்தேழு வயது, நூற்றுப்பத்து கிலோ. கடையின் பின்னறையில் காகிதக் கட்டு எடுக்கப் போனால்கூட என்னைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்திவிட்டுத்தான் போவான். அப்படிப்பட்டவன் பேய்க்கதை பாட்காஸ்ட் தொடங்கப் போகிறேன் என்றதும், கையில் இருந்த டயரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை.

"பயப்படுறவன்தான்டா பயமுறுத்த முடியும். நீயெல்லாம் பேய் வந்தாக்கூட பஞ்சரான்னு கேப்ப," என்றான்.

என் டயர்க்கடைக்கும் அவன் அச்சுக்கடைக்கும் நடுவில் ஒரே சுவர். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான். விதின் நகரத்துக்குக் கீழே தன்யூப் ஆற்றங்கரையில் இருக்கிற எங்கள் ஊரில் கல்யாணம் குறைவு, சாவு அதிகம். அதனால் குன்சோ கடையில் அதிகம் ஓடுவது இரங்கல் தாள். கருப்புக் கட்டம், மேலே சிலுவை, நடுவில் போட்டோ, பெயர், வயது, எத்தனை மணிக்கு எந்த இடம். செத்த அன்று ஒன்று, நாற்பதாம் நாள் ஒன்று, அப்புறம் ஆறு மாதம், வருடம். வீட்டுக் கதவு, மின்கம்பம், பஸ் நிறுத்தம் என்று எங்கும் ஒட்டியிருக்கும். யாரும் கிழிக்க மாட்டார்கள். மழைதான் கிழிக்கும்.

தாள் அடிக்க வருகிறவர்கள் போட்டோவைக் கொடுத்துவிட்டு உடனே போவதில்லை. உட்கார்ந்து கொஞ்சம் அழுவார்கள். பிறகு பேசுவார்கள். அந்த நிமிடத்தில் கடிகாரம் நின்றது, நாய் மூன்று நாள் கிணற்றையே பார்த்துக் குரைத்தது, பூட்டிய அறைக்குள் செருப்புச் சத்தம் கேட்டது. குன்சோ காபி போட்டுக் கொடுத்து எல்லாவற்றையும் கேட்பான். மறுநாள் பெயரையும் தெருவையும் மாற்றி எனக்குச் சொல்வான். அவன் குரல் பீப்பாய்க்குள்ளிருந்து வருகிற குரல். பகல் பதினோரு மணி வெயிலில் நின்று கேட்டாலும் எனக்கு முதுகு சில்லிடும். சொல்லி முடித்ததும் அவனே பயந்துபோய் ஒரு சிகரெட் கேட்பான்.

இதை ஊர் கேட்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. கடையில் பதிவு செய்தால் என் காற்றடிக்கும் இயந்திரம் அலறியது. வீட்டில் செய்தால் பக்கத்து வீட்டுக் கோழிகள் கொக்கரித்தன. ஊர் வாசகசாலையில், அந்தக் காலத்து ஒலிபரப்பு அறை ஒன்று சும்மா கிடந்தது. சுவரெல்லாம் பஞ்சு அடைத்த அறை. அதைக் கேட்டுச் செயலாளர் வித்கா அம்மாவிடம் போனோம்.

"அக்கார்டியன் குழுவுக்கும் அந்த ரூம் வேணுமாம். சான்கோ போன வாரமே கேட்டுட்டார்," என்றார் அந்த அம்மா. "நான் நியாயமா ஒண்ணு சொல்றேன். வர்ற வியாழன் சாயங்காலம் ஆறு மணிக்கு நம்ம மண்டபத்துல எல்லாரும் பாக்க ஒரு தடவை பதிவு பண்ணுங்க. இருபது பேர் வந்தா ரூம் உங்களுக்கு. வரலைன்னா சான்கோவுக்கு. வெள்ளிக்கிழமை நிகழ்ச்சிப் பட்டியல் அச்சுக்குப் போகுது, அதுக்குள்ள உங்க நிகழ்ச்சிக்கு ஒரு பேரும் வேணும்."

"சவப்பெட்டிக்குள்ளிருந்து," என்றான் குன்சோ. தயாராக வைத்திருந்திருக்கிறான்.

"அதுக்கு மேல் வரியில குழந்தைங்க நடன வகுப்புன்னு இருக்கும் குன்சோ. வேற சொல்லுங்க."

அன்று மாலை என் கடை முற்றத்தில் ரக்கியா சாராயமும் தக்காளியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவன் ஒரு நோட்டில் பெயர்களை எழுதி எழுதி அடித்தான். கருப்புக் கிணறு என்றான், அது சாக்கடை அள்ளுகிற கம்பெனி மாதிரி இருக்கிறது என்றேன். பதின்மூன்றாம் படி என்றான், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஏழெட்டு பாட்காஸ்ட் இருக்கிறதாம், அவனே அடித்தான். நான் சும்மா இருக்க முடியாமல் 'டயர் வெடித்த வளைவு' என்றேன்.

"அது பேய்க்கதையாடா? இல்ல உன் கடைக்கு விளம்பரமா?"

"அந்த வளைவுல நாலு பேர் போயிருக்கான்."

"நாலு பேரும் உன்கிட்டதான் டயர் மாத்தினான். வாயை மூடிக்கிட்டுக் குடி."

பெயர் வரவில்லை. ஆனால் ஆள் வரவேண்டுமே. பெயருக்கு இடம் விட்டு விளம்பரத்தாள் அடித்துவிடலாம், பெயரைப் பிறகு பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். மறுநாள் காலை நாற்பது தாள் சூடாக என் கையில் கொடுத்தான். நான் பசை வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பி, ரயிலடியிலிருந்து ஆற்றுத்துறை வரை ஒட்டிவிட்டு வந்தேன். குன்சோ அன்றே கடையைப் பூட்டினான். குரலைக் காப்பாற்ற வேண்டும் என்று கழுத்தில் சால்வை சுற்றிக்கொண்டு மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே வெங்காயக் கஷாயம் குடித்தான். அவன் மனைவி ஸ்லாதினா மொந்தானாவில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். வியாழக்கிழமை மாலை பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருடம் ஒரே வேலை செய்த கை, கம்ப்யூட்டரைத் திறந்ததும் பழக்கமான அச்சையே எடுத்திருக்கிறது. கருப்புக் கட்டம். நடுவில் குன்சோவின் பாஸ்போர்ட் போட்டோ. கீழே குன்சோ மராஷ்கோவ், 57 வயது. வியாழன் மாலை 6 மணி, வாசகசாலை மண்டபம். பயங்கரக் கதைகள் என்பது அடியில் எறும்பு எழுத்தில். விளம்பரம்தானே என்று சிலுவையை மட்டும் கவனமாக எடுத்திருந்தான். எங்கள் ஊரில் சிலுவை இல்லாத தாள் என்றால் செத்தவர் சாமி கும்பிடாத பழைய கம்யூனிஸ்ட் கட்சிக்காரர் என்று அர்த்தம். நாற்பது இடத்தில் ஒட்டிய எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கம்பத்தில் ஒட்டுகிற தாள் அப்படித்தானே இருக்கும்.

வியாழன் ஆறு மணிக்குக் கால் மணி இருக்கும்போது மண்டபத்தில் மைக்கைப் பொருத்திவிட்டு, குன்சோ மேடையில் உட்கார்ந்தான்.

"எவனும் வர மாட்டான்டா ஸ்தாமத்."

கதவு திறந்தது. தலையில் கருப்புத் துணி கட்டிய பெண்கள் நாலு பேர். பின்னாலேயே ரொட்டிக் கடைக்காரர், தபால்காரர், பள்ளிக்கூடத்து வாத்தியார்கள். எல்லோர் கையிலும் பூ. ஒருத்தி பெரிய தட்டில் சர்க்கரை தூவிய வேகவைத்த கோதுமையோடு வந்தாள். சாவு வீட்டில் கொடுக்கிற அதே கோதுமை. முன்வரிசையில் வந்து நின்றவர்கள் மேடையைப் பார்த்தார்கள். மேடையில் குன்சோ. சால்வையோடு, வெங்காய வாசனையோடு.

தபால்காரர் கழற்றிய தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கார்டியன் சான்கோ வந்தார். கண் சிவந்திருந்தது, கையில் ஆறு சிவப்புக் கார்னேஷன். மேடை வரைக்கும் தலை குனிந்தே வந்து, குன்சோவின் மடியில் பூவை வைத்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"நீ சாகலையா?"

"இல்லையே," என்றான் குன்சோ. குரல் பீப்பாய்க்குள்ளிருந்து வந்தது. பின்வரிசையில் ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அடப்பாவி, காலையிலிருந்து அழுதுக்கிட்டு இருக்கேன். அந்த ரூம் உனக்கே இருக்கட்டும்டான்னு மனசார சொல்லிட்டு வந்தேன்."

"நாலு பேர் கேட்டுட்டாங்க, இனி வாபஸ் கிடையாது," என்றேன் நான்.

சான்கோ என்னை முறைத்தார். அதற்குள் கோதுமைத் தட்டோடு வந்தவள் என்ன செய்வதென்று தெரியாமல் குன்சோவிடமே ஒரு கிண்ணம் நீட்டினாள். அவன் வாங்கித் தின்றான்.

"நல்லா இருக்கு. சர்க்கரைதான் கொஞ்சம் கம்மி."

அங்கேதான் சிரிப்பு உடைந்தது. மண்டபமே குலுங்கியது. அதே நேரம் கதவை இடித்துக்கொண்டு ஸ்லாதினா ஓடிவந்தாள். பஸ் நிறுத்தத்தில் தாளைப் பார்த்திருக்கிறாள். போன் செய்தால் பதிவுக்காக அணைத்து வைத்திருக்கிறான்.

"மத்தியானம் போன்ல வெங்காயம் எங்கேன்னு கேட்ட மனுஷன் நாலு மணி நேரத்துல எப்படிச் சாவான்னு எனக்குத் தெரியும்," என்று சொல்லிக்கொண்டே கைப்பையால் அவன் தோளில் இரண்டு போட்டாள். "தெரியும், ஆனா பெட்டியை நிறுத்தத்துலயே போட்டுட்டு ஓடி வந்திருக்கேன்."

அப்புறம் அவள் பார்வை அவன் மடிக்குப் போனது. விரலால் எண்ணினாள். எங்கள் பக்கம் உயிரோடு இருப்பவருக்கு ஒற்றைப்படையில்தான் பூக் கொடுப்பார்கள், இரட்டைப்படை செத்தவருக்கு. அவள் முகம் வெளுத்தது. ஆறில் ஒன்றை உருவி எடுத்துத் தன் கோட்டில் குத்திக்கொண்டாள்.

இவ்வளவு நேரம் சிரித்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கையில் இருந்த பூவைக் குனிந்து பார்த்தார்கள். குன்சோவும் அவர்களைப் பார்த்தான். மைக்கை அருகே இழுத்தான்.

"நிகழ்ச்சியோட பேரு, இரட்டைப்படை," என்றான்.

எனக்கு முதுகு சில்லிட்டது. அடுத்த ஒரு மணி நேரம், செருப்புச் சத்தம் கேட்ட அந்த அறையின் கதையை அவன் சொன்னான். ஒருவரும் எழுந்து போகவில்லை. வித்கா அம்மா வாசலில் நின்று தலைகளை எண்ணினார். அறுபத்து மூன்று. பட்டியலில் நடன வகுப்புக்குக் கீழே அந்தப் பெயரை எழுதிக்கொண்டார். கோட்டில் குத்தியிருந்த பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே ஸ்லாதினா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சான்கோவுக்குப் புதன்கிழமை கிடைத்தது.

இப்போது எங்கள் ஊரைத் தாண்டி விதின் வரைக்கும் கேட்கிறார்கள். என் கடைக்கு எதிர்க் கம்பத்தில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. சுரண்டி எடுக்கிறேன் என்றால் குன்சோ விடமாட்டேன் என்கிறான், விளம்பரமாம். ஆனால் வியாழக்கிழமை பதிவு முடிந்து இருட்டியதும், அந்தக் கம்பத்தைத் தாண்ட அவனுக்குத் துணை வேண்டும். நான்தான் போகிறேன். அவன் எதிர்ச் சாரியில் நடக்கிறான், நான் கம்பத்துப் பக்கம் நடக்கிறேன்.