எங்கள் வீட்டு ஜெபத்தில் இல்லாத வரி

நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடையில், அப்பாவும் பெரியப்பாவும் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்வார்கள் என்று எங்கள் தெருவே எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில், பெண்ணையாற்று ஓரத்தில் எங்கள் ஊர். தாத்தா விட்டுப்போன கரும்புக் கொல்லை இரண்டு பிள்ளைகளுக்கும் பிரிந்துவிட்டது. கிணற்றையும் மோட்டாரையும் மட்டும் பிரிக்க முடியவில்லை. ஒருநாள் தண்ணீர் எங்களுக்கு, மறுநாள் பெரியப்பாவுக்கு என்று முறை வைத்திருந்தார்கள். மழை பெய்த வருடங்களில் அந்த முறையை யாரும் பெரிதாக நினைத்ததில்லை. அந்த வருடம் மழை இல்லை.

பங்குனியில் எங்கள் முறை வந்த ஒரு காலையில் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. அப்பா போய்ப் பார்த்தபோது பெரியப்பா மடையைத் தன் பக்கம் திருப்பியிருந்தார். வாய்ப்பேச்சு முற்றியதில் பெரியப்பாவின் மண்வெட்டிக் காம்பு அப்பாவின் நெற்றியைப் பிளந்துவிட்டது. கரும்புக்குச் சோகை உரிக்க வந்த ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடிபட்டதைவிட அதுதான் அப்பாவுக்கு வலித்தது என்று நினைக்கிறேன்.

நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு வந்தவர் மறுநாளே கருவேல முள்ளை வெட்டிவந்து, எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவே இருந்த சந்தில் ஆள் உயரத்துக்குப் போட்டு அடைத்தார். பிறகு கொல்லனிடம் சொல்லி ஒரு புதுக் கொடுவாள் அடித்துவந்து வாசற்படிக்கு மேல் செருகிவைத்தார். எதற்கு என்று அம்மா கேட்டதற்குத் தேங்காய் வெட்ட என்றார். எங்களுக்குத் தென்னைமரம் கிடையாது.

அதுவரை இரண்டு வீட்டாரும் தினமும் விளக்கு வைத்ததும் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் ஒன்றாக உட்கார்ந்து ஜெபம் செய்வது வழக்கம். எங்கள் வம்சத்தில் முதன்முதலாக ஞானஸ்நானம் எடுத்த பாட்டனார் காலத்திலிருந்து வருகிற வழக்கம் அது. காய்ச்சல் கண்டாலும் வீட்டில் கல்யாணமே நடந்தாலும் அதை விட்டதில்லை. சண்டைக்குப் பிறகும் விடவில்லை. முள்ளுக்கு இந்தப் பக்கம் நாங்களும் அந்தப் பக்கம் அவர்களுமாக, ஒரே நேரத்தில் தனித்தனியாக நடத்தினோம். எங்கள் பாட்டு அவர்களுக்குக் கேட்க வேண்டும் என்று அப்பா உரக்கப் பாடுவார். பெரியப்பா அதைவிட உரக்கப் பாடுவார். இரண்டு பாட்டுமே பெரும்பாலும் அன்பைப் பற்றியவை.

அம்மா இந்த மதத்தில் பிறந்தவள் இல்லை. கல்வராயன் மலையில் சாமை விதைக்கிற வீட்டுப் பெண். கல்யாணத்துக்குச் சற்று முன்புதான் ஞானஸ்நானம் எடுத்தாள். நாங்களெல்லாம் இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்போம். அவளோ வளர்ந்தபின் அர்த்தம் கேட்டுக் கேட்டுக் கற்றவள். சண்டை நடந்த அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம், ஜெபத்தில் எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்று கேட்கிற இடம் வந்தபோது, அம்மா கையை உயர்த்தி எங்களை நிறுத்தினாள்.

"அந்த வரி வாணாம். தாண்டிப் போங்க."

அப்பா கண்ணைத் திறந்தார். "இன்னா சொல்ற நீ?"

"மன்னிச்சிட்டோம்னு ஆண்டவர்கிட்ட பொய் சொல்லணுமா? அதுவும் புள்ளைங்க வாயால?"

"நான் ஒண்ணும் மன்னிக்கல."

"அதாங்க நானும் சொல்றேன். என்னிக்கி மன்னிக்கிறீங்களோ அன்னிக்கி சொல்லிக்கலாம்."

அப்பா எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன். போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து அந்த இடம் வந்ததும் நாங்கள் சற்று நிறுத்தி அடுத்த வரிக்குத் தாவுவோம். அந்த இடைவெளியில் முள்ளுக்கு அப்பாலிருந்து பெரியப்பாவின் குரல் கேட்கும். ஜெபம் முடிந்ததும் அப்பா கொடுவாளை உருவிப் படிக்கல்லில் உட்கார்ந்து தீட்டுவார். அந்தச் சத்தம் ஓயும்வரை அடுப்படியில் அம்மாவின் கை அசையாது. என் தம்பி காதைப் பொத்திக்கொண்டு அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வான்.

மே மாதம் தெருக்கோடியில் இருந்த எங்கள் வேதக்கோயிலில் விடுமுறை வேதப்பள்ளி நடந்தது. நிறைவு நாள் ஆராதனையில் பரமண்டல ஜெபத்தை மைக்கில் சொல்லி நடத்தும் வேலை எனக்குக் கிடைத்தது. குரல் கணீரென்று இருக்கிறது என்று எங்களுக்குப் பாடம் நடத்திய அக்கா என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். அம்மா எனக்கு ரெட்டைச்சடை போட்டுவிட்டாள். ஆண்கள் பக்கத்தில் பெரியப்பா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அப்பா கதவோரம். இருவருக்கும் நடுவில் ஊரே இருந்தது. கோயில் கூரையின்மேல் கட்டிய குழாய் ஸ்பீக்கர் தெருவைப் பார்த்திருந்தது.

நான் ஆரம்பித்தேன். சபை என்னோடு சேர்ந்து சொல்லிக்கொண்டு வந்தது. அந்த இடம் வந்ததும் வீட்டில் பழகியபடி நிறுத்தி, தாவி, அடுத்த வரிக்குப் போனேன். சபை விட்ட வரியில் இருந்தது. நான் அடுத்ததில் இருந்தேன். குரல்கள் மோதிக் குழம்பி எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

எங்கள் சபைப் போதகரான ஐயர் சிரித்தபடி குனிந்து, "பாப்பா, ஒரு வரிய வுட்டுட்டியேம்மா" என்றார்.

"இல்லீங்க ஐயா, எங்க வூட்ல அந்த வரி கெடையாது" என்றேன், மைக்கிலேயே. அவர் முகம் மாறியதைப் பார்த்து, விளக்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். "அப்பா பெரியப்பாகூட ராஜியாவற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லிச்சு."

தெருவில் போனவர்கள்கூட நின்றுவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். அப்பா எழுந்து வெளியே போனார். பின்னாலேயே பெரியப்பாவும் எழுந்தார். பெரியம்மா ஓடிவந்து சட்டையைப் பிடித்தாள். "போவாதீங்க, சொன்னா கேளுங்க!" அவர் அவள் கையை உதறிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

அம்மா அசையவில்லை. தம்பியை மடியில் இறுக்கிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது கதவருகே யாரோ கத்தினார்கள்: "ஐயோ, கொடுவாள எடுத்துக்கினு வராம்பா!"

அம்மா தம்பியைப் பக்கத்துப் பெண்ணிடம் போட்டுவிட்டு ஓடினாள். நானும் ஓடினேன். எங்களுக்குப் பின்னால் சபையே ஓடிவந்தது. சந்துக்கு இந்த முனையில் அப்பா நின்றுகொண்டிருந்தார், கையில் கொடுவாள். முள்ளுக்கு அந்தப் பக்கம் பெரியப்பா, வெறுங்கை. அப்பா கையை ஓங்கினார். பெரியம்மா போட்ட கூச்சலில் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அப்பா முள்ளை வெட்டிக்கொண்டிருந்தார். வெறிபிடித்தவர்போல வெட்டினார். காய்ந்த கருவேலம் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்ததால் வெட்டினாலும் வரவில்லை. கிளையைப் பிடித்து இழுத்தார். கையெல்லாம் கீறி ரத்தம். யாரும் கிட்டப் போகவில்லை. பெரியப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குனிந்து அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கிளையைப் பற்றினார்.

"டேய், மேலயே வெட்டினுகிறியே! அடிக்கட்டைய வெட்டுடா. அப்பதான் வரும்."

இரண்டு மாதத்தில் அவர் அப்பாவிடம் பேசிய முதல் வார்த்தை அது. அப்பா அடிக்கட்டையை வெட்டினார். பெரியப்பா இழுத்தார். கட்டிப்பிடிக்கவோ அழவோ இல்லை. நீ இந்தப் பக்கம் பிடி, அதை அப்படித் தள்ளு என்ற பேச்சுத்தான். ஜெபம் செய்யலாம் என்று கையை உயர்த்திய ஐயரை யாரும் கவனிக்காததால் அவரும் ஒரு கிளையை இழுத்தார்.

அன்று சாயங்காலம் மறுபடியும் எல்லோரும் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். அந்த வரி வந்தது. அப்பாவும் பெரியப்பாவும் அதைச் சொன்னார்கள். இன்றும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள், என் மகளும் பெரியப்பாவின் பேரன்களும், அந்த வரிக்கு முன்னால் ஒரு மூச்சு நின்றுதான் சொல்கிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, எங்களிடமிருந்து தொற்றிக்கொண்டது. காரணம் கேட்டால் இந்தக் கதையைச் சொல்கிறேன். ஆனால் கதை அதோடு முடியவில்லை.

அன்றைக்கு ஜெபத்தில் அம்மா அந்த வரியைச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் அவள் உதடு அசையாததைப் பார்த்தேன். மறந்துவிட்டாளோ என்று முழங்கையால் இடித்து, "இப்ப சொல்லலாம்மா" என்றேன். "நீ சொல்லு கண்ணு, நான் அப்புறம் சொல்றேன்" என்றாள்.

அடுத்த வாரம் அம்மா தனியாக மலைக்குப் போனாள். எனக்கு நினைவு தெரிந்து அவள் அங்கே போனது அதுதான் முதல் தடவை. கள்ளக்குறிச்சிக்குப் போய் வெள்ளிமலை பஸ் பிடித்து, அதற்குமேல் நடக்க வேண்டும். அங்கே அவளுடைய அண்ணன் இருந்தார். தங்கை வேறு மதத்துக்குப் போய்விட்டாள் என்ற கோபத்தில், பெற்ற தாய் செத்ததைக்கூட அவளுக்குச் சொல்லியனுப்பாமல் அடக்கம் செய்தவர் அவர். அம்மாவுக்கு விஷயம் தெரிந்தபோது ஒரு மாதம் ஆகியிருந்ததாம். இதெல்லாம் எனக்குக் கல்யாணம் ஆன பிறகு பெரியம்மா சொல்லித்தான் தெரியும். அண்ணன் வீட்டில் அம்மாவை உள்ளே கூப்பிட்டார்களா, வாசலோடு அனுப்பிவிட்டார்களா என்பது பெரியம்மாவுக்கும் தெரியாது. அம்மா யாரிடமும் சொன்னதில்லை.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் மலையில் பலாப்பழமும் தேனும் கிடைக்கும் என்பதுதான். நானும் தம்பியும் மத்தியானத்திலிருந்து ரோட்டில் காத்திருந்தோம். சாயங்கால பஸ்ஸில் அம்மா வந்து இறங்கினாள், முகமெல்லாம் அழுது வீங்கி, வெறுங்கையோடு. ஒன்றுமே வாங்கி வரவில்லையே என்று எனக்கு அப்படி ஒரு கோபம். அவளோடு பேசாமல் முன்னால் நடந்தேன். ஜெபத்திலும் அவள் பக்கத்தில் உட்காராமல் பெரியம்மாவிடம் போய் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கு அம்மா அந்த வரியைச் சொன்னாளா என்று நான் பார்க்கவே இல்லை.