பட்டியலில் கடல் இல்லை

அந்த விடுதியில் முதலாளி முதல் தோட்டக்காரர் வரை எல்லோருக்கும் அவள் பட்டியலக்காதான். துணியறையில் பதினோரு வருடம் வேலை. பன்னிரண்டு அறைகளுக்கும் எத்தனை விரிப்பு, எத்தனை தலையணை உறை, எது சலவையில், எது இஸ்திரியில், எதில் ஒரு குழந்தை பேனா மையைக் கொட்டி வைத்திருக்கிறது, எல்லாம் அவளுடைய குண்டு குண்டான கையெழுத்தில் சுவரில் ஒட்டியிருக்கும். வீட்டிலும் அதே கதைதான். மழை வந்தால் கொடியிலிருந்து எந்தத் துணியை முதலில் எடுப்பது என்பதற்குக்கூடக் கதவுக்குப் பின்னால் ஒரு தாள் தொங்கும்.

"நான் செத்தா எந்தச் சட்டைய மாட்டி விடணும்னுகூட எழுதி வச்சிருப்பா" என்று படகோட்டியான அவள் புருஷன் படகுத்துறையில் சொல்லிச் சிரிப்பான். அவள் காதுக்கு அது எட்டியபோது கோபப்படவில்லை. நீலச் சட்டையா கோடு போட்டதா என்று ஒரு நிமிடம் நிஜமாகவே யோசித்தாள்.

அந்தத் தீவுக்குக் கடற்கரைக் கல்யாணம் செய்துகொள்ள வெளியூர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். விடுதியில் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் தீவின் மறுகரையில் இருந்த பெரிய ஓட்டலுக்கு ஒரே நாளில் போய்விட்டார். மூன்றே வாரத்தில் ஒரு கல்யாணம். முதலாளி துணியறை வாசலில் வந்து நின்றார்.

"இத நீதாம்மா பாத்துக்கணும்."

"நானா? என் கல்யாணத்தன்னைக்கே நான் காய்ச்சல்ல படுத்திருந்தவ சார். என்ன நடந்துச்சுன்னு போட்டோ பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

"பட்டியல் போடத் தெரியுமில்ல? அது போதும்."

அன்றைக்கே கல்யாணப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. பட்டியலக்கா பேனாவோடு உட்கார்ந்தாள். பூ என்ன நிறம், விளக்கு எத்தனை, கேக் எவ்வளவு பெரிசு என்று அவள் கேட்கக் கேட்க, அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் "உங்க இஷ்டம்க்கா" என்றாள். கடைசியில் குரல் மாறியது.

"அக்கா, ஒண்ணே ஒண்ணுதான். எங்கம்மா சக்கர நாற்காலில இருக்காங்க. நாலு வருஷமா கால் வராது. பஸ் கண்டக்டரா இருபத்தாறு வருஷம் நின்னே வேலை பாத்தவங்க. எங்க சித்தி வீட்டு விசேஷத்துல மாடிக்கு நாலு பேர் சேர்ந்து தூக்கிட்டுப் போனாங்க. 'இடிக்காம, இடிக்காம'ன்னு கத்திக்கிட்டே, பீரோவ ஏத்தற மாதிரி. அன்னைக்குச் சொல்லிட்டாங்க, இனி யாரும் தன்னைத் தூக்கக் கூடாதுன்னு. நாங்க நிக்கிற எடத்துல, தண்ணி ஓரத்துல, அவங்க தானா உருட்டிக்கிட்டு வந்து பக்கத்துல இருக்கணும். அதுக்குத்தான் கடற்கரை. அத்தன வருஷமும் அவங்க கடலப் பாத்ததெல்லாம் பஸ் ஜன்னல் வழியாத்தான்க்கா. கடைசி ஸ்டாப்பிங்ல பஸ் மூணு நிமிஷம்தான் நிக்கும். எறங்க நேரமிருக்காது."

பட்டியலக்கா முதல் வரியில் அதைத்தான் எழுதினாள். 'அம்மா தண்ணீர் ஓரம் வர வேண்டும். தூக்கக் கூடாது.' அடியில் இரண்டு கோடு போட்டாள்.

சக்கர நாற்காலி மணலில் உருளுமா? பார்த்துவிடலாமே. ஒரு நாற்காலியை வாங்கி வந்து, ஆளுக்கு எங்கே போவது என்று முதலாளியையே அதில் உட்கார வைத்தார்கள். மூன்றடி போனதும் சக்கரம் பாதி வரை புதைந்தது. முதலாளி இரண்டு கையாலும் தள்ளத் தள்ள இன்னும் உள்ளேதான் போனார்.

"அப்படியே உக்காருங்க சார், நாத்து நட்ட மாதிரி அம்சமா இருக்கு" என்றார் தச்சர்.

அந்தத் தச்சர்தான் வழி சொன்னார். பலகைகளை அகலவாட்டில் வைத்து, கயிற்றால் கோத்து, தாழ்வாரத்திலிருந்து தண்ணீர் ஓரம் வரை பாய் மாதிரி விரிக்கலாம் என்றார். இருபத்து நான்கு பலகை. அடியில் வழுக்காமலிருக்க, கிழிந்த படுக்கை விரிப்புகளை நனைத்து நாலாக மடித்துப் போடலாம் என்பது பட்டியலக்காவின் யோசனை. ஈர விரிப்பு எவ்வளவு கனமாகப் படியும் என்பது அவள் முதுகுக்குத் தெரியும். ஒரு வாரத்துக்கு முன் ஒரு காலையில் ஒத்திகை பார்த்தார்கள். முதலாளி ஜம்மென்று உருண்டு போய்த் தண்ணீர் ஓரத்தில் நின்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பட்டியலக்கா முதல் வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டாள்.

பூ, கேக், பதிவாளர், மோதிரத் தட்டு, நாற்பது நாற்காலி, மழை வந்தால் என்ன, காற்று அடித்தால் என்ன, மாப்பிள்ளைக்கு விக்கல் வந்தால் என்ன. அறுபத்து நான்கு வரிகள். கல்யாணம் மாலை நான்கு மணிக்கு, வெயில் தணிந்த பிறகு. எதையும் விடவில்லை என்றுதான் நினைத்தாள்.

ஒன்றை விட்டிருந்தாள். கடல் ஏறும் இறங்கும் என்று தெரியாதவளில்லை. தீவில் பிறந்தவள், எப்படித் தெரியாமலிருக்கும்? ஆனால் துணியறைக்கு ஒரே ஜன்னல், அது பின்பக்கத்துத் துணிக்கொடிகளைப் பார்க்கும். வேலைக்கு வருவதும் போவதும் பின்வாசல் வழியாக. கடலுக்கு ஐம்பதடி தள்ளிப் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தவள், அது எந்த நேரத்தில் எங்கே நிற்கிறது என்று ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள், மதியப் படகில் எல்லோரும் வந்து இறங்கினார்கள். பதிவாளரும் புகைப்படக்காரரும் அதே படகில். கண்டக்டரம்மா தன் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு படகுத்துறைச் சரிவில் இறங்கினார். கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு, அதில் பழைய விசில்.

"எல்லாரும் எறங்கியாச்சா? பின்னாடி யாராவது தூங்கறாங்களா பாருங்க" என்றார். சிரிக்காமல் இருக்க யாராலும் முடியவில்லை.

மூன்றரை மணிக்குக் கடைசி ஒத்திகை. பட்டியலக்கா தாளோடு முன்பக்கத் தாழ்வாரத்துக்கு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கரையே இல்லை. போன வாரம் முதலாளி உருண்டு போன இடமெல்லாம் தண்ணீர். அலை தாழ்வாரத்துச் சரிவைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. காலையில் தச்சர் விரித்து வைத்த பலகைகள் கயிறு அவிழ்ந்து, ஒவ்வொன்றாக மிதந்து போய்க்கொண்டிருந்தன. தச்சர் இடுப்பளவு தண்ணீரில் ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "என்னக்கா இது, கல்யாணம் கப்பல்லயா?" என்று கத்தினார்.

கல்யாணப் பெண் அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று கடலையே பார்த்தாள். கண்டக்டரம்மாதான் பேசினார்.

"பரவால்ல விடுங்க. நான் இங்கயே இருந்து பாத்துக்கறேன். இங்கேர்ந்தே நல்லாத்தான் தெரியுது."

அந்த 'நல்லாத்தான் தெரியுது' இருக்கிறதே, அது பட்டியலக்காவை என்னவோ செய்துவிட்டது. இருபத்தாறு வருடம் ஜன்னல் வழியாகப் பார்த்தவருக்கு அவள் இன்னொரு ஜன்னல் தயார் செய்து வைத்திருக்கிறாள். அறுபத்து நான்கு வரி எழுதி!

அந்த நேரத்தில் அவள் புருஷன் படகை ஓட்டிக்கொண்டு வந்தான். வழியில் மிதந்த பலகைகளைப் பொறுக்கி அடுக்கியிருந்தான்.

"உன் கல்யாண மேடை துறை வரைக்கும் வந்துடுச்சு. வாங்கிக்க."

"சிரிச்சீங்கன்னா கொன்னுடுவேன். நாளைக்கு நாலு மணிக்குத் தண்ணி எங்க நிக்கும்?"

"இதே எடத்துலதான். நாளைக்குப் பௌர்ணமி, இன்னும் ஒரு சாண் கூடவே ஏறும்."

"அப்ப எப்பதாங்க எறங்கும்?"

"காலைல ஒன்பதரைக்கு அடிமட்டம். எவ்வளவு ஏறுதோ அவ்வளவு எறங்கும். மணல்திட்டே வெளிய வந்துடும். பத்தரை வரைக்கும் பயமில்ல."

"அங்கயும் சக்கரம் பொதையுமில்ல?"

"பொதையவா? சிமெண்டுத் தரை மாதிரி இருக்கும்டி! நாங்க படகச் சாச்சு வச்சு அடியச் சுரண்டறதே அங்கதான். சைக்கிள்ல போலாம். தாழ்வாரத்துக்கும் அதுக்கும் நடுவுல ஒரு இருபதடிதான் பொலபொல மணல்."

பட்டியலக்கா அவனை முறைத்தாள். "இருபது வருஷமா குடும்பம் நடத்தறோம். ஒரு நாளாவது சொன்னீங்களா?"

"நீ ஒரு நாளாவது கேட்டியா? வீட்டுக்கு வந்தா தலகாணி உறையப் பத்தித்தான பேசற!"

பட்டியலக்கா நேராகக் கல்யாணப் பெண்ணிடம் போனாள். மறைக்காமல் சொன்னாள். "தப்பு என்னோடதும்மா. கடலக் கேக்காம நேரம் குறிச்சுட்டேன். காலைல ஒன்பதரைக்கு மாத்தினா அம்மா வர முடியும். ஆனா பூவும் கேக்கும் நாளைக்கு மதியப் படகுலதான் வருது. தண்ணி எறங்கினா படகு துறைக்கே வராது, அதனால முன்னாடியே கொண்டு வரவும் வழியில்ல. பூவும் இருக்காது, கேக்கும் இருக்காது."

"மணல் இருக்குமில்லக்கா?"

"இருக்கும்னு என் வீட்டுக்காரர் சொல்றார். நான் பாத்ததில்ல."

"அப்ப காலைலதான்" என்றாள் பெண், மூச்சு விடாமல்.

"எனக்காக ஒண்ணும் மாத்த வேணாம்டி" என்றார் கண்டக்டரம்மா.

"நீ சும்மா இரும்மா. எங்க பஸ்ஸு, நாங்க நேரம் மாத்துவோம்."

புகைப்படக்காரர் மட்டும், காலை வெயில் கண்ணில் அடிக்கும், எல்லோரும் படத்தில் எலுமிச்சம்பழம் கடித்த மாதிரி இருப்பார்கள் என்று புலம்பினார். மாப்பிள்ளை, "நான் எப்பவுமே அப்படித்தான் சார் விழுவேன்" என்று முடித்து வைத்தார்.

பட்டியலக்கா அன்று சாயங்காலம் தாளை எடுத்து ஒவ்வொரு வரியாக அடித்தாள். பூ, அடி. விளக்கு, அடி. கேக், அடி. முதல் வரியில் போட்ட டிக்கையும் அடித்தாள். கீழே அறுபத்தைந்து என்று போட்டு 'கடல்' என்று எழுதினாள். பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வெறுமனே விட்டாள்.

காலை ஏழு மணிக்கு வந்து பார்த்தால் தண்ணீர் இன்னும் இருந்தது. தச்சரோடு சேர்ந்து இருபதடிக்கு ஈர விரிப்புகளை மடித்துப் போட்டு, மேலே பலகையைப் பரப்பினாள். எட்டு மணி. நிமிர்ந்தாள். தண்ணீர் பின்வாங்கியிருந்தது. மறுபடி குனிந்து ஒரு முடிச்சு போட்டு நிமிர்ந்தாள், இன்னும் தள்ளிப் போயிருந்தது. யாரும் பார்க்காதபோது நழுவுகிற மாதிரி, சத்தமே இல்லாமல். அதன் பிறகு அவள் குனியவே இல்லை.

ஒன்பதேகாலுக்குக் கடல் எழுந்து போயே போய்விட்டது!

அது கிடந்த இடத்தில் ஒரு மைதானம். ஈரமான, வழவழப்பான, ஒரு காலடிகூடப் படாத தரை, இருநூறு அடிக்கு மேல். அதன் மேல் விரலளவு கனத்தில் தண்ணீர் நிற்க, அதில் வானம் முழுசாக விழுந்திருந்தது. மேலே மேகம், கீழேயும் மேகம். எது எதன் நிழல் என்று சொல்ல முடியவில்லை. வெகு தூரத்தில் வெள்ளைக் கோடாக அலை. விடுதியில் ஆறேழு வருடம் வேலை பார்த்தவர்கள்கூட வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். எந்தப் பூவை வைத்து இதை அலங்கரிப்பது? எங்கே வைப்பது?

"ஏங்க" என்றாள் பட்டியலக்கா.

"ம்" என்றான் அவன். "தினமும் ரெண்டு தடவ."

கண்டக்டரம்மா தாழ்வாரச் சரிவின் உச்சியில் வந்து நின்றார். பெண் நாற்காலியின் பின்பிடியைத் தொடப் போனாள். "கைய எடு" என்றார். விசிலை வாயில் வைத்தார். இரண்டு தடவை ஊதினார்.

"போலாம் ரைட்!"

பலகைகள் தடதடத்தன. ஒரு இடத்தில் சக்கரம் இடறியது. நாலு பேர் கையை நீட்டிக்கொண்டு ஓடினார்கள். அவர் ஒரு பார்வை பார்த்தார், நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். பின்னால் கொஞ்சம் இழுத்து, மூச்சைப் பிடித்து, ஒரே தள்ளு. கடைசிப் பலகை தாண்டி ஈரத்தரை. சக்கரம் புதையவில்லை. உருண்டது. இன்னும் உருண்டது. இரண்டு தள்ளு தள்ளியதும் அவருக்கே புரிந்துவிட்டது, அது தரை இல்லை, தார் ரோடு! அப்புறம் எங்கே நிற்கிறார்? வானத்தின் மேலேயே வண்டி ஓட்டுகிற மாதிரி, மேகத்தைப் பிளந்துகொண்டு போனார். கல்யாணப் பெண் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நான்தாம்மா கல்யாணப் பொண்ணு! நில்லும்மா!" என்று பின்னால் ஓடினாள். பதிவாளர் பதிவேட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார். நாற்பது பேரும் ஓடினார்கள்.

அலை வந்து தொடுகிற இடத்தில் நாற்காலி நின்றது. அங்கேயே, அம்மாவின் மடியில் பதிவேட்டை வைத்துத்தான் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மோதிரம் மாற்றும்போது தண்ணீர் வந்து எல்லோர் காலையும் நனைத்தது. கண்டக்டரம்மா குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். அந்தக் கால்களுக்குச் சூடு குளிர் தெரியாது. கையை விட்டு, தண்ணீரை அள்ளி, முழங்காலிலிருந்து மெதுவாக வழிய விட்டார். எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். புகைப்படக்காரர் படம் எடுக்க மறந்தே போனார்.

பத்தரைக்குப் படகோட்டி கை காட்டினான். "தண்ணி திரும்புது. கெளம்பலாம்!"

எல்லோரும் நகரத் தொடங்கினார்கள். கண்டக்டரம்மா விசிலை எடுத்து ஒரே ஒரு தடவை ஊதினார். நிறுத்தம். நாற்பது பேரும் நின்றார்கள்.

"இந்த ஸ்டாப்பிங்ல மூணு நிமிஷத்துக்கு மேல நிப்போம்" என்றார். திரும்பி, தள்ளி நின்றிருந்த பட்டியலக்காவைப் பார்த்தார். "ஏம்மா, நீ என்ன செருப்போட நிக்கற? கழட்டு."

"நான் வேலைல இருக்கேங்க."

"நானும் இருபத்தாறு வருஷம் அப்படித்தான் சொன்னேன். கழட்டும்மா."

பட்டியலக்கா செருப்பைக் கழற்றினாள். தாளை எங்கே வைப்பது என்று பார்த்தாள், வைக்க இடமில்லை. அக்குளில் இடுக்கிக்கொண்டாள். திரும்பி வந்த கடலின் முதல் அலை, நுரையோடு, அவள் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு போனது.

"ஐயோ" என்றாள் பட்டியலக்கா. "எவ்வளவு கதகதன்னு இருக்கு!"