நான் பார்க்கிற வேலையை அறிந்த ஒருவர்

கர்த்தரை நம்பிக் காத்திருக்கிற என் சகோதர சகோதரிகளுக்கு எஸ்தர் எழுதுகிறேன். மேடையில் நின்று சாட்சி சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. மைக்கைப் பிடித்தாலே அழுகை வந்துவிடும். அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள் நான். ஓரகடம் அருகே ஒரு பொறியியல் கல்லூரியின் ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை. பேராசிரியர்கள் ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு அனுப்பும் விண்ணப்பங்களுக்கு பட்ஜெட் எழுதி, கெடுவுக்குள் இணையத்தில் ஏற்றி, பணம் வந்த பிறகு கணக்கும் காட்ட வேண்டும். இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஹாஸ்டல் நடத்தும் அக்கா, "இன்னாம்மா, நீ டீச்சரா கிளார்க்கா?" என்பார். "ரெண்டும் இல்லக்கா" என்றால், "அப்போ இன்னாதான் பண்ணிக்கினு கீறே அங்க?" என்று சிரிப்பார். அம்மாவோ போனில், "ஏட்டி, ஊர்ல எல்லாரும் கேக்காவ, நான் என்னன்னு சொல்ல?" என்பாள்.

என் அறையில் இன்னொரு பெண்ணும் உண்டு. அவளுக்கு ஃபேக்டரியில் ஷிப்ட். நான் வரும்போது அவள் கிளம்புவாள். ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு ஓவர்டைம். ஒரே அறையில் இருந்தும், யாரிடமாவது பேச மாட்டோமா என்று ஏங்கிக்கொண்டு படுப்பேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். பேராசிரியர்கள் தங்கள் பாஸ்வேர்டை என்னிடம் கொடுத்துவிடுவார்கள். நான் அவர்கள் பெயரிலேயே நுழைந்து எல்லாவற்றையும் நிரப்பி அனுப்புவேன். நிதி கிடைத்தால் அவர்கள் துறையில் கேக் வெட்டுவார்கள். எனக்கும் ஒரு துண்டு வரும். யாரையும் குறை சொல்லவில்லை, அப்படியே பழகிவிட்டோம்.

இந்த நிலையில்தான் எங்கள் அலுவலகத்துக்கு மேலாளர் பதவி ஒன்றை அறிவித்தார்கள். வருஷக்கணக்காக அந்த வேலையைத் தனியாளாக இழுத்துக்கொண்டிருந்தவள் நான். நம்பிக்கையோடு இன்டர்வியூவுக்குப் போனேன். "நீங்க செஞ்ச புராஜெக்ட் ஏதாவது சொல்லுங்க" என்றார்கள். எதைச் சொல்வேன்? எல்லாவற்றிலும் வேறொருவர் பெயர். பதவி வெளியாள் ஒருவருக்குப் போனது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஆளில்லாத சபையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அழகாக ஜெபிக்க வராது. கோபமாகவே பேசினேன். "ஆண்டவரே, பதவி வேண்டாம், போங்க. நான் என்ன வேலை பாக்கேன்னு தெரிஞ்ச ஒரே ஒரு ஆளைக் காட்டும். இல்லேன்னா நான் ஊருக்கே போயிருதேன்." உண்மையாகத்தான் சொன்னேன். வேலையை விட்டுவிடுவது என்று முடிவே செய்திருந்தேன்.

அந்த வெளியாள் வந்து சேர்ந்தார். பெயர் பரிமளா. பிறந்து வளர்ந்தது பிள்ளைப்பாக்கம். நெற்றி நிறைய திருநீறு, கிருத்திகை தவறாமல் வல்லக்கோட்டை முருகன் கோயில். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு குட்மார்னிங்கோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒருநாள் அவர் ஒரு பழைய விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதற்குரிய பேராசிரியர் எதிரில் இருந்தார். "சார், இந்த பட்ஜெட் யார் எழுதினது?"

"நான்தான்" என்றார் அவர். பொய் சொல்லவில்லை, பாவம். அது தன்னுடையது என்றுதான் அவர் மனதார நினைத்தார்.

பரிமளா மேடம் சிரித்தார். "இல்ல சார். செலவு பண்றவங்க மெஷினுக்கு மட்டும் காசு கேப்பாங்க. இதுல பாருங்க, மெஷின் வைக்கிற ரூமுக்கு கரண்ட் இழுக்கறதுக்கும் கேட்டுக்கீது. நாளைக்கு ஆடிட்ல நின்னு பதில் சொல்லப் போறவங்கதான் இப்டி எழுதுவாங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "எஸ்தர், நீதானே?"

ஐயோ, எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுந்து வெளியே ஓடிவிட்டேன். அவர் பின்னாலேயே வந்தார். "நானும் அடுத்தவங்க பாஸ்வேர்டுலதாம்மா இத்தினி வருஷம் காலம் தள்ளினேன். அழுவாத. வா, டீ குடிச்சிக்கினே பேசலாம்."

அன்று வேலையைப் பற்றியே பேசினோம், நேரம் போனதே தெரியவில்லை. நான் பாதி சொன்னால் மீதியை அவர் சொன்னார். அந்தச் சந்தோஷத்தை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

அதன்பின், ஒவ்வொரு திட்டத்திலும் ஒருங்கிணைப்பாளராக என் பெயரையும் போட வேண்டும் என்று நிர்வாகத்திடம் சண்டை போட்டு வாங்கினார். எங்கள் வேலைக்கென்றே நடக்கும் பயிற்சிக்கு அனுப்பினார். பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று, எங்களோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்யக் கேட்டபோது, ஒப்பந்தம் பேச என்னை உட்காரவைத்துவிட்டு, "நீ பேசு, நான் கம்முனு இருக்கேன்" என்றார். பேசினேன். இன்று நான் துணை மேலாளர்.

முருகன் கோயிலுக்குப் போகிறவரையா கர்த்தர் அனுப்பினார் என்று சிலர் கேட்கிறீர்கள். நான் ஆளைத்தான் கேட்டேன், நெற்றியைப் பார்த்து அனுப்பும் என்று கேட்கவில்லையே! நான் ஆசைப்பட்ட நாற்காலியிலேயே அவரை உட்காரவைத்து என் ஜெபத்துக்குப் பதில் கொடுத்த தேவனுக்கு ஸ்தோத்திரம்.

இந்தச் சபைக்கு வருகிறவர்களில் வாடகை அறையில் தனியாகக் கிடக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் என்று எனக்குத் தெரியும். உன் பாடு யாருக்கும் தெரியவில்லை என்று அழுகிறாயா தங்கச்சி? கர்த்தரிடம் கேள், கோபமாகவாவது கேள். ஆராதனை முடிந்ததும் நான் கடைசி பெஞ்சில்தான் இருப்பேன். வந்து பக்கத்தில் உட்கார். நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று முதலிலிருந்து சொல். எனக்கு அவசரமே இல்லை.