உருண்டையில் அளந்த தூரம்

தெருவே அவளை டெய்லரக்கா என்றுதான் கூப்பிட்டது. ஆளைப் பார்த்ததுமே இடுப்பளவைச் சொல்லிவிடுவாள். பல நேரம் ஆள் ஒப்புக்கொள்ளாது, டேப் ஒப்புக்கொள்ளும்.

வெளிநாட்டில் வேலைக்குப் போன அவள் தம்பியை நேரில் பார்த்துப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. "அக்கா, நீயும் அத்தானும் கெளம்பி வாங்க. ம்னு ஒரு வார்த்தை சொல்லு, டிக்கெட் எடுத்துடறேன்" என்று போனில் நச்சரித்துக்கொண்டே இருந்தான்.

அவள் புருஷன் பஸ் டிரைவர். சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தில் ஸ்கேலை வைத்தார். வடக்கே விமானம் மாற வேண்டிய ஊர் ஒரு முனையில், அங்கிருந்து நேர் கிழக்கே வெகுதூரத்தில் தம்பியின் ஊர் மறுமுனையில்.

"இது மட்டுமே பதினஞ்சாயிரம் கிலோமீட்டர்! பதினேழு பதினெட்டு மணி நேரம் அந்தரத்துல தொங்கணும்."

அக்காவோ ஸ்டூல் மேல் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்கிறவள். "நான் வரலைங்க. நீங்க மட்டும் போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, சீருடைக்கு அளவெடுக்க ஒரு பள்ளிக்கூடம் போனாள். ஆசிரியர்கள் அறையில் காத்திருந்தபோது மேசைமேல் பூமி உருண்டை ஒன்று இருந்தது. கை சும்மா இருக்குமா? அதன் இடுப்பில் டேப்பைச் சுற்றினாள். சரியாக நூறு சென்டிமீட்டர்.

"பூமியோட சுற்றளவு எவ்வளவு டீச்சர்?"

"நாப்பதாயிரம் கிலோமீட்டர்" என்றார் பூகோள டீச்சர்.

அப்படியென்றால் ஒரு சென்டிமீட்டருக்கு நானூறு. இரண்டு ஊரையும் தேடிப் பிடித்து, புருஷன் வைத்த மாதிரியே கிழக்காக டேப்பை வைத்தாள். அது படியவில்லை, ஒரு ஓரம் தூக்கிக்கொண்டது. இழுத்துப் பிடித்ததும் தானாக வழுக்கி, வடக்கே பனிப்பிரதேசத்துக்கு ஏறி, அங்கே சப்பென்று படிந்தது. இருபத்திரண்டே முக்கால். மனக்கணக்கில் ஒன்பதாயிரத்து நூறு!

டீச்சர் கைதட்டினார். "பைலட்டும் இப்படித்தாங்க போவாரு!"

அவள் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"உடம்பை அளக்கச் சொன்னா நீங்க விரிச்சுப் போட்ட துணியை அளந்திருக்கீங்க. உருண்டையில வடக்கே ஏறிப் போனா ஒன்பதாயிரத்து நூறுதான்" என்றாள்.

"கிழக்கே இருக்கிற ஊருக்கு எவனாவது வடக்கே வண்டியை விடுவானா? நான் அப்படி ஓட்டினா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க!"

தம்பிக்குப் போன் போட்டார்கள். அவன் விமானக் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து பார்த்தான். "ஒன்பதாயிரத்து நூத்திச் சொச்சம். பதினோரு மணி நேரம். அக்கா, யாரு சொன்னா உனக்கு?"

"நானே அளந்தேன்டா. டிக்கெட்டை எடு!"

மாறி ஏறிய விமானம் மேலே கிளம்பும்போது அவள் பிடித்த பிடியில் டிரைவரின் மணிக்கட்டு சிவந்துவிட்டது. நாலு மணி நேரம் கழித்துத்தான் கண்ணைத் திறந்து ஜன்னல் வழியே பார்த்தாள். கீழே கண்ணுக்கெட்டிய வரை வெள்ளைப் பனி. நடுநடுவே நீலமாக வெடிப்புகள். அப்புறம் இறங்கும்வரை அவள் கண்ணை மூடவே இல்லை.

டிரைவரும் எட்டிப் பார்த்தார். "சிக்னலும் இல்ல, குறுக்கே மாடும் இல்ல. இதை நானே ஓட்டுவேன்."

வெளியே வந்ததும், தொந்தி போட்ட ஒரு மனிதன் கூட்டத்துக்கு நடுவில் "அக்கா!" என்று குழந்தை மாதிரி கத்தினான். பெட்டி வண்டியை அப்படியே விட்டுவிட்டு அவள் ஓடினாள். சரிவில் உருள ஆரம்பித்த வண்டியைத் துரத்திக்கொண்டு அத்தான் ஓடினார்.