என் போனில் உள்ள சாமிகள்

ஏழெட்டுப் பேரின் போன் நம்பரை ஒரே பெயரில் பதிந்து வைத்திருக்கும் அறிவாளியை நீங்கள் பார்த்ததுண்டா? இல்லையென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்... அடியேன்தான்.

தைப்பூசத்துக்குத் திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு நடந்தேன். மாலை போட்டுவிட்டால் யாருக்கும் பெயர் கிடையாது. டீக்கடைக்காரரும் சாமி, வக்கீலும் சாமி. வழியில் பழகியவர்கள் எல்லாம் நம்பர் தந்தார்கள். ‘சாமி’, ‘சாமி’ என்று பதிந்துகொண்டே போனேன். பெயர் கேட்கத் தோன்றவில்லை.

வருடா வருடம் நடப்பவன்தான். மனைவி இறந்த பிறகு இதுதான் முதல் தடவை. அவள் வீட்டில் இருந்தபடியே என்னை நடத்திக் கூட்டிப் போவாள் — போனில். ‘சாப்டீங்களா?’, ‘எங்க வாரீங்க?’ இந்த வருடமும் வழிநெடுக போன் அடித்தது... லோன் வேண்டுமா என்று.

ஒட்டன்சத்திரத்தில் ஒருவர் கூடச் சேர்ந்தார். மார்க்கெட்டில் தக்காளி வியாபாரமாம். கொப்புளக் காலோடு நான் தத்தித் தத்தி வருவதைப் பார்த்தார்.

“ஏனுங்க சாமி, நீங்க நடக்கற நடைக்கு மலையே எறங்கி எதுக்க வந்துருமுங்க!”

அப்புறம் என்னை விட்டு நகரவில்லை. எனக்காக ஆமை வேகத்தில் நடந்தார். மலையேறிக் கும்பிட்டு இறங்கியதும், தன் நம்பரைத் தந்து என்னுடையதையும் வாங்கிக்கொண்டார். பஸ் ஏற்றிவிட்டு ஜன்னலைத் தட்டினார்.

“ஊடு சேந்ததும் ஒரு போன் போடுங்க சாமி.”

திண்டுக்கல் வந்து பூட்டைத் திறந்தேன். ‘வந்துட்டேன்’ என்று சொல்ல வாயெடுத்து... யாரிடம்?

போனை எடுத்தேன். வரிசையாகச் சாமிகள். அவர் இதில் எவர்?

முதல் சாமி, “எந்தச் சாமி?” என்றார்.

“பழனிக்கு நடந்த சாமிங்க.”

“நாங்களுந்தான் நடந்தோம்.” கட்.

இரண்டாவது சாமி எடுக்கவே இல்லை. மூன்றாவது சாமி சிரித்தார். “மாலையத்தான் கழட்டியாச்சுல்ல அப்பு, இன்னும் என்னா சாமி? வையி போன!”

நியாயம்தானே? ரோட்டில் இருக்கும்வரை எல்லோருக்கும் நான் சாமி. வீட்டுக்குள் வந்தால் யாரோ ஒரு ராங் நம்பர்.

விடவில்லை. அடித்துக்கொண்டே போனேன். கடைசியாக ஒரே ஒரு சாமிதான் பாக்கி. அவரும் ‘யாரு?’ என்று கேட்டால்? விரல் கொஞ்சம் தயங்கியது. அமுக்கினேன்.

மணி ஒரு தடவைகூட முழுசாக அடிக்கவில்லை. எடுத்துவிட்டார்.

“சாமி... நான் வீட்டுக்கு—”

“ஏனுங்க, இவ்வளவு நேரமா?”